நாற்பத்தாறு வந்திருக்கிறாள்

போன வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. மந்தாரக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அட்டென்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது பெயரில் இருக்கும்போது கைப்பைக்குள் போன் ஒரு நடுக்கம் நடுங்கியது.

எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு நடுங்கியது நான்.

மகள் படிக்கும் கல்லூரியிலிருந்து மெசேஜ். 'உங்கள் மகள் தாரணியின் கணித வகுப்பு வருகை 41 சதவீதம். வருகைக் குறைவால் செமஸ்டர் கணிதத் தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியலில் அவர் பெயர் உள்ளது. பட்டியல் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு இறுதி செய்யப்படும்.'

இன்று வியாழன். வெள்ளி... நாளை!

"மிஸ், அடுத்த பேரு மிஸ்... மிஸ்?" என்று குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தது எங்கோ தூரத்தில் கேட்டது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தாரணியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரே பெண். வயது பதினெட்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் எஞ்சினியரிங் முதல் வருடம் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுவிட்டு, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். பெயரை எழுதக்கூடாது என்று மகள் தடை போட்டிருக்கிறாள். நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போய் பஸ் மாறினால் மூன்று மணி நேரம். அவ்வளவுதான் சொல்வேன்.

கூச்ச சுபாவம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதெல்லாம் தாரணிக்குப் போதாது. டவுன் பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்ல முடியாமல், அடுத்த ஸ்டாப்பில் வேறு யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, அரை கிலோமீட்டர் திரும்ப நடந்து வருகிற பெண். பண்ருட்டித் துணிக்கடையில் சேல்ஸ்மேன் "என்ன கலர் பாக்கறீங்க?" என்று கேட்டால், அவள் என் காதில் சொல்வாள். நான் கடைக்கே கேட்கிற மாதிரி சொல்வேன். மைக் அவள்... ஸ்பீக்கர் நான். பதினெட்டு வருடமாக எங்கள் ஏற்பாடு அதுதான்.

அந்தப் பெண் கிளாஸ் கட் அடிக்கிறாளா? நூற்றுக்கு ஐம்பத்தொன்பது வகுப்புக்கு எங்கே போனாள்? யாராவது கூட்டிக்கொண்டு சுற்றுகிறார்களா? உடம்புக்கு முடியாமல் ஹாஸ்டலில் சுருண்டு கிடக்கிறாளா? ராகிங் பயமா?

போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப். ஒரு தாய்க்கு இந்த இரண்டு வார்த்தை போதும். மீதிக் கதையை அவளே எழுதிக்கொள்வாள்.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நெய்வேலி டவுன்ஷிப்புக்கு ஓடினேன். குவார்ட்டர்ஸ் கேட்டைத் திறந்தேன். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினேன். நுனிக்காலில் உள்ளே போனேன். சமையலறையில் நின்று, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஏன் இவ்வளவு நிதானம் என்கிறீர்களா? பெட்ரூமில் என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நிலக்கரி மைன்ஸில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த தூக்கம். எங்கள் ஊரில் அந்தத் தூக்கத்தை யாரும் கலைக்க மாட்டார்கள். வீடு பற்றி எரிந்தால்கூட மெதுவாகத்தான் சொல்வோம். ராட்சச மெஷினுக்கு நடுவில் நிற்கிற மனுஷன் கண் செருகிவிட்டால் என்ன ஆகும் என்பது இங்கே கல்யாணமாகி வந்த மறுவாரமே எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிடும். அதனால் பதறுவதைக்கூட மெதுவாகத்தான் பதறுவோம்.

எங்கள் வீட்டு காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கிப் பதினேழு வருடமாகிறது. தாரணி தொட்டிலில் கிடந்தபோது ஒருமுறை அடித்தது. அவர் எழுந்துகொண்டார், குழந்தையும் எழுந்துகொண்டது... அன்றைக்கே பிடுங்கினேன். நைட் ஷிஃப்ட் வாரங்களில் குக்கரைப் பின்கட்டில் வைத்துத்தான் விசில் விடுவேன். டிவியில் சத்தம் இருக்காது. படம் மட்டும் ஓடும். சிலிண்டர் போடுகிறவர் கூட எங்கள் பிளாக்கில் சிலிண்டரை உருட்ட மாட்டார், தூக்கித்தான் வைப்பார்.

அந்த வீட்டில் ஒரு குழந்தை எப்படி வளரும்?

'உஷ்... அப்பா தூங்கறாரு.' தாரணி முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை 'அம்மா'வா, 'உஷ்'ஷா என்று எனக்கே சந்தேகம். விழுந்தால் சத்தமில்லாமல் அழுவாள். சிரிப்பு வந்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். பசித்தால் வந்து என் சேலையை இழுப்பாள். ஒரு விரலை உதட்டில் வைத்தால் போதும், பொம்மையைக்கூட பஞ்சு மாதிரி கீழே வைப்பாள்.

"என்ன அடக்கமான பொண்ணு! எப்படி வளத்திருக்க!" என்று நான் பிறந்த மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சினார்கள். எனக்குத் தலை கால் புரியாத பெருமை. அந்தப் பெருமை இப்போது செரிக்காமல் நெஞ்சில் நிற்கிறது.

மூன்று மணிக்கு அவர் எழுந்து வந்தார். மெசேஜைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்" என்றார்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமாங்க?"

"நம்ம பிள்ள பண்ணாதுல்ல? அப்ப கம்ப்யூட்டர்தான் பண்ணியிருக்கணும்."

பாருங்கள், இது ஒரு லாஜிக். தென்காசிக்காரர். குறைவாகப் பேசுவார், அதனால் சரியாகப் பேசுவது போலவே இருக்கும்.

ஆறு மணிக்கு, வகுப்பெல்லாம் முடிந்து போனை ஆன் செய்ததும் தாரணியே கூப்பிட்டாள்.

"கிளாஸுக்குப் போறியா இல்லியா?" எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"போறேம்மா." வழக்கம் போலப் பஞ்சுக் குரல்.

"கணக்கு கிளாஸுக்கு?"

"போறேம்மா."

"போய்க்கினு இருந்தா எப்படிடி நாப்பத்தொண்ணு? யாருக்குக் காது குத்தற?"

மூச்சு மட்டும் கேட்டது. "சார்கிட்ட சொல்லணும்மா... சொல்றேன்... நாளைக்குச் சொல்றேன்" என்றாள். என்ன சொல்லணும்? ஏன் இதுவரை சொல்லவில்லை? கேட்கக் கேட்க மூச்சும் மெலிந்துகொண்டே போனது. கடைசியில் போனையே வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பையில் மூன்று ஆரஞ்சுப்பழம், அவளுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், அரைக் கிலோ முந்திரிப் பருப்பு. முந்திரி எதற்கா? டவுன்ஷிப்பில் பிள்ளைகளின் டீச்சர் அடுத்த பிளாக்கில்தான் இருப்பார். மார்க்கெட்டில் பார்ப்போம், கோயிலில் பார்ப்போம். ஏதாவது பேச வேண்டுமென்றால் வெறுங்கையோடு போகாமல் ஒரு பொட்டலத்தோடு போவோம். அந்த வழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டேன். கல்லூரியும் அடுத்த பிளாக் என்று என் மூளை நினைத்திருக்க வேண்டும்!

ஹாஸ்டல் வாசலில் நஸ்ரின் நின்றாள். தாரணியின் ரூம்மேட். பண்ருட்டியில் அவள் அப்பா துணி வியாபாரம். வேறு டிபார்ட்மென்ட், அவளுக்குப் பத்து மணிக்குத்தான் வகுப்பு. என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஆன்ட்டி, அவ ஒரு நாள் கூட லீவு போட்டதில்ல. நான்தான டெய்லி கிளாஸ் வரைக்கும் கூட நடந்துகினு போறேன்!"

"அப்புறம் எப்படிம்மா..."

"என் வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. வாங்க. ஒம்பதரைக்குக் கணக்கு கிளாஸ்தான். நீங்களே பாருங்க."

மாடியில் ஒரு பெரிய ஹால். சினிமா தியேட்டர் மாதிரிப் படிப்படியாக பெஞ்சுகள். இரண்டு பிரிவைச் சேர்த்து நூற்றிருபது பேர். தலைக்கு மேலே பழைய காலத்துச் சீலிங் ஃபேன்கள்... எட்டோ பத்தோ... 'கடகட கடகட' என்று ரயில் ஓட்டிக்கொண்டிருந்தன. வராந்தா ஜன்னல் ஓரமாக நானும் நஸ்ரினும் நின்றோம். நாலாவது வரிசையில் தாரணி. நீலச் சுடிதார். நோட்டைத் திறந்து, பேனாவை மூடி கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருக்கிறாள்! என் பெண் வகுப்பில் இருக்கிறாள்! பாதி உயிர் திரும்பி வந்தது.

பேராசிரியர் ரிஜிஸ்டரைத் திறந்தார். ஐம்பது வயது இருக்கும். தலை நிமிரவே இல்லை. நம்பர்களை மட்டும் படித்தார்.

"நாற்பத்துநாலு."

"பிரசென்ட் சார்!"

"நாற்பத்தஞ்சு."

"எஸ் சார்!"

"நாற்பத்தாறு."

தாரணி எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. 'பிரசென்ட் சார்' என்றுதான் அசைந்தது. ஜன்னலில் காதை ஒட்டிக்கொண்டிருந்த எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் அதைத் தின்றுவிட்டது.

"நாற்பத்தாறு... ஆப்சென்ட். நாற்பத்தேழு."

தாரணி உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

மூன்று மாதம் இப்படியே நடந்திருக்கிறது! தினமும் எழுந்து நின்று, தினமும் சொல்லி, தினமும் ஆப்சென்ட். முதல் மாதம் அவர் 'ஆப்சென்ட்' என்று வாய்விட்டுச் சொல்லாமல் வெறுமனே குறித்துக்கொள்வாராம், அவர் காதில் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்த பிறகு, 'நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம்' என்று இரண்டு மாதம்.

"அப்ப அந்த நாப்பத்தொண்ணு மட்டும் எப்படிம்மா வந்துது?" என்று நஸ்ரினைக் கேட்டேன்.

"அதெல்லாம் கரண்ட் போன நாளு ஆன்ட்டி, இங்க வாரத்துல ரெண்டு நாள் காலைல போயிடும். ஃபேன் நின்னுடும்ல, அன்னைக்கு மட்டும் கேக்கும்."

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற ஊரில் பிறந்த பெண். கரண்ட் போனால்தான் கணக்கில் வருகிறாள். சிரிப்பதா அழுவதா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உறைத்தது. நானும் அப்படித்தானே எடுக்கிறேன்? தினமும் காலையில், குனிந்த தலை நிமிராமல், நாற்பது பெயரை மூன்று நிமிஷத்தில்...

இதையெல்லாம் நிதானமாக இப்போது எழுதுகிறேன். அப்போது நான் செய்தது வேறு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் மேல்பட்டாம்பாக்கத்துத் தொண்டையில் கத்தினேன்.

"இருக்கா சார்! வந்திருக்கா! தோ நாலாவது வரிசைல நின்னுச்சே, நீலச் சுடிதார் போட்டுக்கினு... அதான் சார் என் பொண்ணு!"

நூற்றிருபது தலை திரும்பியது. ஃபேன் சத்தத்தையும் மீறி ஒரு சிரிப்பு அலை. தாரணி திரும்பவில்லை. தலையை டெஸ்க்கில் வைத்துவிட்டாள்.

மகளுக்கு அம்மா செய்யக்கூடாத காரியங்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், முதல் இடம் இதற்குத்தான்.

பேராசிரியர் வெளியே வந்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அம்மா, இது காலேஜ். அட்டென்டன்ஸ் ஸ்டூடண்ட்தான் சொல்லணும், பேரண்ட் சொல்லக்கூடாது. கிளாஸ் முடிஞ்சதும் ஹெச்.ஓ.டி. ரூமுக்கு வாங்க" என்றார்.

பத்தரை மணி. துறைத் தலைவர் மேடத்தின் அறை. மேடம், பேராசிரியர், நான், தாரணி. தாரணி என் பக்கமே பார்க்கவில்லை. பையிலிருந்து முந்திரிப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். மேடம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எடுத்துப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.

"தாரணி, என்ன ஆச்சு? நீ சொல்லு" என்றார் மேடம்.

"மேடம், அவ சின்ன வயசுலருந்தே..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க இல்லம்மா. தாரணி சொல்லட்டும்."

தாரணி தரையைப் பார்த்தாள்.

"அவளுக்குக் கூச்சம் மேடம். அவங்க அப்பா மைன்ஸ்ல ஷிஃப்ட் டூட்டி. பகல்ல தூங்குவாரு. சத்தம் போடாத சத்தம் போடாதன்னு நான்தான் மேடம்..."

"அம்மா, ப்ளீஸ்."

"என் தப்பு மேடம்! வாயக் கட்டி வளத்தது நான். அவள எதுக்கு..." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கர் பதினெட்டு வருடமாக ஓடிப் பழகிவிட்டது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை.

அப்போது தாரணி திரும்பினாள். என்னை நேராகப் பார்த்தாள். ஒரு விரலை எடுத்துத் தன் உதட்டில் வைத்தாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

"மேடம், நான் எல்லா நாளும் வந்தேன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த அறையில் ஃபேன் சத்தமில்லாத ஏசி. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "நம்பர் கூப்பிடும்போது எழுந்து நின்னு சொல்லுவேன். கேக்கலன்னு தெரிஞ்சப்புறம் கிட்ட வந்து சொல்லியிருக்கணும். அது என் தப்பு. வந்ததுக்கு நோட் இருக்கு."

தேதி போட்ட நோட்டு. பேராசிரியர் வாங்கிப் புரட்டினார். "நோட்ஸ் யார்கிட்ட வேணும்னாலும் வாங்கி எழுதலாமேம்மா. இத வெச்சு ரிஜிஸ்டர்ல கை வைக்க முடியாது" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே? நான் டீச்சர். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

தாரணி நோட்டைத் திரும்ப வாங்கினாள். ஒரு பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"இது யார்கிட்டயும் இருக்காது சார்."

"ஏன்?"

"அன்னைக்கு போர்டுல ரெண்டாவது கணக்குல ஒரு மைனஸ் விட்டுட்டீங்க சார். அதனால கடைசி விடை தப்பா வந்துது. எல்லாரும் போர்டப் பாத்து அப்படியே எழுதிக்கிட்டாங்க. நான் மைனஸ் போட்டு எழுதிக்கிட்டேன். நீங்க வேற யார் நோட்ட வேணாலும் வாங்கிப் பாருங்க."

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பேனாவை எடுத்தார். ஒரு தாளில் அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டார். எனக்குக் கணக்கு ஐந்தாம் வகுப்பு அளவுதான். அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரியில் அந்த முகம் நின்றது. ரிஜிஸ்டரைத் திறந்தார். அந்தத் தேதிக்கு எதிரே, நாற்பத்தாறுக்கு நேரே... 'ஏ'. ஆப்சென்ட்.

"ஏம்மா... அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னேன் சார்" என்றாள் தாரணி. "மூணு தடவ சொன்னேன்."

மேடம் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் தாளைப் பார்த்தார். நான் என் மகளைப் பார்த்தேன். அழாமல் நின்றேன் என்று எழுத ஆசைதான்... பொய் எழுதக்கூடாது.

மேடம் மெதுவாகச் சொன்னார். "ஒரு நாளுக்கு இது சாட்சி. மீதி நாளுக்கும் ரிஜிஸ்டர திருத்தணும்னா கிளாஸ் சொல்லணும், சார். ரூல் அப்படி."

பேராசிரியர் யோசித்தார். "ரெண்டு மணிக்கு அதே ஹால்ல எனக்கு இன்னொரு பீரியட் இருக்கு. நூத்திருபது நோட்டுலயும் தப்பு விடை உக்காந்திருக்கு, பரீட்சை வேற வருது. தாரணி, நீ வந்து போர்டுல அந்தக் கணக்கப் போடு. அங்கயே நான் கேக்கறேன், இந்தப் பொண்ணு தினமும் வந்தாளா இல்லையான்னு. பக்கத்துல உக்காந்தவங்க சொல்லட்டும். சொன்னா அங்கயே கையெழுத்து."

நூற்றிருபது பேர் முன்னால்! போர்டில்! தாரணி!

"சார், அவளால அதெல்லாம்..."

"எத்தனை மணிக்கு சார்?" என்றாள் தாரணி.

"ரெண்டு."

"சரி சார்."

வெளியே வந்ததும், "நான் வராந்தாலயே நிக்கறேன். உனக்குத் தைரியமா இருக்கும்" என்றேன்.

"வேணாம்மா."

"ஒரு ஓரமாத்தான்டி. சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன்."

"நீ இருந்தா நான் உன்னையேதான் பாத்துக்கினு இருப்பேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊருக்குப் போம்மா. அப்பா டூட்டிக்குக் கிளம்பற நேரத்துக்கு நீ வூட்டுல இருக்கணும். பஸ் ஸ்டாண்டுக்கு நஸ்ரின் வருவா."

முந்திரியை நஸ்ரினிடம் கொடுத்தேன். அவளாவது வாங்கிக்கொண்டாள்.

ஒன்றரை மணி பஸ். ஜன்னலோர சீட். இரண்டு மணி ஆனது. இரண்டே கால். இரண்டரை. என்னென்னவோ பார்த்தேன்... சாக்பீஸ் கை தவறிக் கீழே விழுகிறது, பின் பெஞ்சில் சிரிக்கிறார்கள், அவள் அழுதுகொண்டே ஹாலை விட்டு ஓடுகிறாள்... பக்கத்து சீட் அம்மா, "உடம்பு சரியில்லீங்களா? வாந்தி வருதா?" என்று பாலிதீன் பையை நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த நிலைமையில் எதுவும் நடக்கலாம்.

விழுப்புரம் தாண்டி, மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு போன் வந்தது.

"அம்மா."

"என்னடி ஆச்சு?"

"கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. மேடம் லிஸ்ட்லருந்து பேர எடுத்துட்டாங்க. எக்ஸாம் எழுதலாம்."

பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டேன். பக்கத்து சீட் அம்மா பாலிதீன் பையைப் பிரித்துக்கொண்டு தயாரானார்.

"யாரு சொன்னாங்க? நீ தினமும் வந்தன்னு யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தாம்மா. அந்த வரிசையே கை தூக்குச்சு. 'டெய்லி எழுந்து நிப்பா சார், உங்களுக்குத்தான் தெரியல'ன்னு ஒரு பொண்ணு சொல்லிட்டா. இத்தனை நாளா அவ என்ன பாத்துக்கினுதான் இருந்திருக்கா, எனக்குத்தான் தெரியல."

"கணக்கு? போர்டுல போட்டியா? பயந்தியா? குரல் வந்துதா?"

"முதல் வரி போடும்போது கை ஆடுச்சு. அப்புறம் கணக்கு மட்டும்தாம்மா தெரிஞ்சுது. ரெண்டாவது வரில மைனஸ் எங்க விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கினு இருக்கேன்... பின்னாடி பெஞ்சுலருந்து ஒருத்தன், 'கேக்கல, சத்தமா'ன்னு கத்தினான்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே அவள் வாழ்நாளெல்லாம் சுருண்டிருக்கிறாள்? பள்ளிக்கூடத்தில், கடையில், கல்யாண வீட்டில்... 'கேக்கல, சத்தமா சொல்லு.' உலகமே அவளிடம் சொன்னது அது ஒன்றுதான்.

"அப்புறம்?"

"'கேக்கலைன்னா முன்னாடி வந்து உக்காருங்க'ன்னு சொன்னேன்."

"யாரு? நீயா?"

"ஆமா."

"வந்தாங்களா?"

"வந்தாங்கம்மா. முதல்ல நாலு பேரு, அப்புறம் ஒரு பெஞ்சு, அப்புறம்... பின்னாடி பாதி ஹாலும் காலி. படிக்கட்டுல எல்லாம் உக்காந்துட்டாங்க. சாரும் வந்து முதல் பெஞ்சுல உக்காந்து எழுதிக்கிட்டாரு."

குரல் அதே பஞ்சுக் குரல்தான். ஒரு இழைகூடக் கூடவில்லை. நானும் இத்தனை வருடம் அவள் குரலை எப்படிப் பெரிதாக்குவது என்றே கவலைப்பட்டேன். கராத்தேயில் சேர்த்தேன், பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன், ஜுரம் வந்து படுத்தாள். மெதுவாகப் பேசுகிறவர்களைத் திருத்த நம்மிடம் ஆயிரம் வழி இருக்கிறது. கேட்கிறவர்கள் நாலு அடி முன்னால் வரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நூற்றிருபது பேரிடம் அதைச் சொல்ல, என் வீட்டு ஊமைப் பெண்ணுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

எனக்கு இன்னும் கேட்க வேண்டியிருந்தது. சாப்பிட்டாளா, அந்தப் பின் பெஞ்சுப் பையன் யார், மைனஸை எந்தக் கலர் சாக்பீஸில் போட்டாள், சார் முகம் எப்படி இருந்தது, என் மேல் கோபம் போய்விட்டதா...

"அம்மா, போன வைக்கறேன். இங்க ஏழெட்டுப் பேரு டவுட் கேக்க நிக்கறாங்க. அப்புறமா பேசறேன்."

பதினெட்டு வருடமாக யாரையும் என் முன்னால் முழு வாக்கியம் பேச விடாதவள் நான். என்னையறியாமல் வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"சரிங்க."